ஊருக்கு ஆறு லட்சம்: வளைவா, போர்வெல்லா, பள்ளிக்கூடமா?

கேள்வி, 2024 ஜூன் 9

"ஷார்ஜா, அஜ்மான் பக்கம் நம்ம பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா ஆட்கள் 42 பேர் இருக்கிறோம். எல்லோரும் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே உள்ள ஊர்க்காரர்கள். ரெண்டு வருசமாகச் சேர்த்த பணம் ஆறு லட்சம் ரூபாய் வரும். ஊர் முக்கில் அலங்கார வளைவு கட்டலாம் என்று பாதிப் பேர். பள்ளிக்கூடத்துக்குச் செய்யலாம் என்று சில பேர். போர் போட்டுத் தண்ணி கொடுக்கலாம் என்கிறார் ஒரு அண்ணன். எது சரி? பணத்தை அனுப்ப எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வேண்டுமா?"

ஜூன் 9, இரவு

வளைவு வேண்டாம் தம்பி. மீதியை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 10

நானும் அங்கே 17 வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு 2015-ல் ஊர் வந்தவன். உங்கள் கேள்வி எங்களுக்கு 2011-ல் வந்தது. அப்போது நாங்கள் 31 பேர். எடுத்த முடிவு தண்ணீர்.

காரணம் இருந்தது. நம்ம கிழக்குப் பக்கம் மழை குறைவு. பாலக்காட்டுக்காரர்கள் குடை பிடித்து நிற்கும்போது நம்ம தோப்பில் புழுதி பறக்கும். கிணறு வற்ற வற்ற போர் ஆழமாகப் போனது, பாறைக்குள்ளேயே கிடந்த தண்ணீரில் ஃப்ளோரைடு கூடியது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்றுகிற அளவுக்கு இன்னும் செறிவாகும். சின்னப் பிள்ளைகள் பல்லில் காவிக்கறை விழுவதை நாங்கள் லீவில் வரும்போதெல்லாம் பார்த்தோம். ஒருமுறை விழுந்த கறை பல் தேய்த்துப் போவதல்ல.

அதனால் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ மெஷின் வாங்கினோம். ஷெட், டேங்க், மோட்டார் எல்லாம் சேர்த்து 4 லட்சத்து 80 ஆயிரம். திறப்பு விழாவுக்கு நான் வர முடியவில்லை, போட்டோவைத்தான் பார்த்தேன். அன்றைக்கு என் ரூமில் ஆறு பேருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஓடியது ரெண்டு வருடம் நாலு மாதம். உள்ளே வடிகட்டும் மெம்பிரேன் அடைத்துக்கொண்டது, மாற்றப் பணம் இல்லை. கரண்ட் கனெக்ஷன் ஊர்ப் பெரியவர் ஒருவர் பேரில் இருந்தது, அவர் தவறியதும் பில்லை யார் கட்டுவது என்ற பேச்சு வந்தது. எங்களில் பத்துப் பேர் அதற்குள் வேலை மாறி, நாடு மாறிப் போயிருந்தார்கள். இப்போது அந்த ஷெட்டில் தேங்காய் மட்டை அடுக்கியிருக்கிறது.

ஜூன் 10, மதியம்

கீழே ஒருவர் கேட்டிருக்கிறார், பஞ்சாயத்து ஏன் எடுத்து நடத்தவில்லை என்று. நல்ல கேள்வி. இந்த அனுபவத்திலிருந்து நான் கற்ற ஒரே பெரிய பாடம் இதுதான்.

கேரளத்தில் பஞ்சாயத்துக்குப் பராமரிப்பு நிதி என்று தனியாக வருகிறது. அதைச் செலவு செய்ய வேண்டுமானால் பழுதான பொருள் பஞ்சாயத்தின் ஆஸ்தி ரிஜிஸ்டரில் ஏறியிருக்க வேண்டும். எங்கள் ஆர்ஓ ஏறவில்லை. நிலம் ஒருவர் பேரில், மெஷின் யார் பேரிலும் இல்லை, கனெக்ஷன் இன்னொருவர் பேரில். நாங்கள் அன்பளிப்பாகக் கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். காகிதத்தில் அது யாருக்கும் கொடுக்கப்படவே இல்லை. மெம்பரிடம் போய்க் கேட்டபோது அவர் முகத்தைச் சுளிக்கவில்லை, ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார். அங்கே எங்கள் மெஷின் இல்லை.

கட்டிடமோ மோட்டாரோ தெருவிளக்கோ, எதைக் கொடுத்தாலும் சரி, முதல் ரூபாய் செலவு செய்வதற்கு முன்னால் கிராமசபையில் வைத்து, பஞ்சாயத்துத் தீர்மானம் வாங்கி, முடிந்ததும் ரிஜிஸ்டரில் ஏற்றச் சொல்லுங்கள். சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிராமசபை கூட வேண்டும். வார்டில் பத்தில் ஒரு பங்கு வாக்காளர் வர வேண்டும். உங்கள் வீட்டு ஆட்களைப் போகச் சொல்லுங்கள், அது போதும்.

ஜூன் 13

எஃப்சிஆர்ஏ விஷயம். வெளிநாட்டிலிருந்து ஊர்ச் சங்கத்துக்குப் பணம் வந்தாலே பதிவு வேண்டும் என்று போன வாரம் ஒரு தம்பியிடம் போனில் சொன்னேன். தப்பு. திருத்திக்கொள்கிறேன்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. ஆனால் உங்களில் யாராவது கனடா, ஆஸ்திரேலியா என்று குடியுரிமை மாறியிருந்தால், ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளிக்காரருக்கான அட்டை) கையில் இருந்தாலும், சட்டம் அவரை வெளிநாட்டவராகத்தான் பார்க்கும். அவர் கொடுக்கும் நூறு ரூபாய்க்கும் சங்கம் பதிவோ முன் அனுமதியோ வாங்கியிருக்க வேண்டும்.

அந்தப் பதிவு சின்ன சங்கத்துக்கு எட்டாது. மூன்று வருடம் நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவு காட்ட வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் பேங்கின் மெயின் பிராஞ்ச் கணக்குக்குத்தான் வர வேண்டும். வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. அலுவலகச் செலவு நூற்றுக்கு இருபதைத் தாண்டக் கூடாது. கொழிஞ்சாம்பாறைக்கும் ஒழலப்பதிக்கும் நடுவில் இருக்கிற ஒரு சங்கத்துக்கு இது பாரம். கனடா அண்ணன் பதிவுள்ள பெரிய அமைப்பு ஒன்றுக்குத் தனியாகக் கொடுக்கட்டும்.

குழல்பணமாக (ஹவாலாவாக) அனுப்பி வேலையைச் சுலபமாக்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டாம். அந்தப் பணம் பிடிபட்டால் மாட்டுவது ஊரில் வாங்கிக்கொண்ட உங்கள் தம்பிதான்.

ஜூன் 14, காலை

ராத்திரி தூக்கம் வரவில்லை. இதைவிட முக்கியமானதை விட்டுவிட்டேன். துபாயில் இருக்கும் ஒரு அம்மணி தனிச்செய்தியில் சுட்டிக்காட்டினார், அவருக்கு நன்றி.

நீங்கள் இருக்கும் அமீரகத்தில் நன்கொடை திரட்ட அனுமதி பெற்ற அமைப்புகளால்தான் முடியும். 2021-ல் அதற்கென்றே கூட்டாட்சிச் சட்டம் வந்தது. தனி ஆட்கள் ஒன்றுசேர்ந்து நல்ல காரியத்துக்கு வசூல் செய்தாலும், வாட்ஸாப் குழுவில் வேண்டுகோள் போட்டாலும் குற்றம். எங்கள் காலத்தில் சம்பள நாள் ராத்திரி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ரூம் ரூமாகப் போவோம். அந்தப் பழக்கத்தை உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

இப்போது அந்த ஆறு லட்சம் யார் கணக்கில் இருக்கிறது? ஒருவர் கணக்கில் என்றால் தயவுசெய்து பிரித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவரவர் வழக்கம்போல வீட்டுக்கு அனுப்புங்கள். ஊரில் இருக்கும் வீட்டு ஆட்கள் ஏழு பேர் சேர்ந்தாலே சொசைட்டி பதியலாம். அங்கே வசூலே வேண்டாம், இங்கே அம்மாவும் மனைவியும் அப்பாவும் சங்கத்தில் சேரட்டும், பணம் அவர்கள் கையால் வரட்டும்.

ஜூன் 14, மாலை

"அப்போ முடிவு எடுப்பது அவங்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம் தம்பி.

ஜூன் 30

பள்ளிக்கூடம் பற்றி எழுதச் சொன்னார்கள். பத்து நாள் விசாரித்தேன்.

ஸ்மார்ட் போர்டு, புரொஜக்டர் வாங்கிக் கொடுக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். 2018-ல் தொடங்கி எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை மாநிலம் முழுக்க 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கிவிட்டார்கள். நம்ம பிள்ளைகளுக்கு அது இருக்கிறது. இல்லாதது வேறு.

தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைக்குப் பாடப்புத்தகம் அரசு தருகிறது. ஆனால் அதற்கு ஒரு கைடு, ஒரு மாதிரி வினாத்தாள், ஒரு யூடியூப் வகுப்பு? மலையாளத்தில் கொட்டிக்கிடக்கிறது, இங்கிலீஷில் கிடக்கிறது. தமிழில் தேடினால் கோயம்புத்தூர் கடையில் கிடைப்பது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், நம்ம பிள்ளைக்கு உதவாது. ரெண்டு மாநிலத்துக்கு நடுவில் அந்தப் பிள்ளை நிற்கிறது. பத்தாவது முடித்து ப்ளஸ் டூ போனால் ஒரே நாளில் எல்லாம் இங்கிலீஷ். நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட முதல் ஆறு மாதம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை என் மகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், என் மகளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது, அரசு வேலைக்கான கேரள பி.எஸ்.சி. தேர்வில் தமிழ் வினாத்தாள் உண்டு. வாசல் இருக்கிறது, அதுவரை நடத்திப் போக ஆள் இல்லை.

இதற்குக் கட்டிடம் வேண்டாம். கணக்கும் அறிவியலும் தெரிந்த, தமிழில் எழுதத் தெரிந்த ஒருவருக்கு வருடத்தில் நாலு மாதம் சம்பளம் கொடுத்தால் நோட்ஸ் எழுதிவிடுவார். கல்வெட்டில் பெயர் வராது என்பதால் யாரும் இதற்குக் கொடுப்பதில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு.

ஆகஸ்ட் 3

வயநாட்டுச் செய்தி பார்த்த நாளிலிருந்து எல்லோரும் ஒன்றைத்தான் பேசுகிறார்கள். ஜூலை 30 விடியற்காலையில் முண்டக்கை, சூரல்மலை போய்விட்டது. எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளில் தமிழ் பேசும் குடும்பங்களும் உண்டு. ஆறு லட்சத்தையும் அங்கே கொடுத்துவிடலாம் என்கிறார்கள் தம்பிமார்கள்.

வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன். தனித்தனியாக முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுங்கள், நான் நேற்றுக் கொடுத்தேன். ஊர்ப் பணத்தை எடுக்காதீர்கள்.

ஆகஸ்ட் 5

முந்தாநாள் எழுதியது கல்மனசுக்காரன் எழுதியது மாதிரி இருக்கிறது. அதை அழிக்கப் போவதில்லை, ஆனால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பெட்டிமுடியில் எஸ்டேட் தொழிலாளர் லயம் வீடுகள் மண்ணுக்குள் போயின. எழுபது பேர். கயத்தாறு பக்கமிருந்து தலைமுறைகளுக்கு முன்னால் தேயிலைக்கு வந்த குடும்பங்கள். அப்போதும் எங்கள் பழைய கூட்டத்தில் பணம் சேர்ந்தது. முதல் வாரத்தில் துணி, அரிசி, போர்வை. எங்கள் வேன் போன நாளில் கொடுக்க ஆள் அதிகம், வாங்க இருந்தவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு குடும்பத்துப் பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் என்று போன் வந்தபோது எங்களிடம் ஒரு ரூபாய் இல்லை. அந்தப் பையனின் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வயநாட்டுக்கு உங்கள் பணம் அடுத்த வருடமும் வேண்டியிருக்கும், அதற்கடுத்த வருடமும். அதற்காக எடுத்து வையுங்கள் என்று எழுதியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 22

ஓணம் லீவுக்குக் கேள்வி கேட்ட தம்பி வந்திருந்தார். பணத்தைப் பிரித்துக் கொடுத்தாயிற்று. 38 பேர் திரும்ப வீட்டுக்கு அனுப்பினார்கள், 5 லட்சத்து 40 ஆயிரம் சேர்ந்தது. நாலு பேருக்கு வீட்டில் வேறு தேவை, அவர்களை யாரும் எதுவும் சொல்லக் கூடாது. சொசைட்டியில் பதினோரு பேர், அதில் எட்டுப் பேர் பெண்கள்.

முதல் கூட்டம் தம்பி வீட்டுத் திண்ணையில். ஆண்கள் நாங்கள் தண்ணீர், பள்ளிக்கூடம் என்று பேசிக்கொண்டிருந்தோம். தம்பியின் அம்மா டீ கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். "ஏனுங்க, நம்ம ஊட்ல எல்லாம் ஒருத்தரோ ரெண்டு பேரோ வெளிநாட்ல இருக்கறாங்க. அந்தக் காலனில ஒருத்தரும் போலீங்க. அவங்களுக்கு யாருங்க அனுப்புவாங்க?" என்றார்.

திண்ணை அமைதியாகிவிட்டது. அவர் சொன்னது எரவாளர் பழங்குடிக் காலனி, எங்கள் தெருவிலிருந்து ஒரு கிலோமீட்டர். பத்தொன்பது வீடு. அவர்கள் பேசுவது நமக்குப் புரிகிற தமிழ்தான். நம்ம தோப்பில்தான் வேலை செய்கிறார்கள். பதினேழு வருடம் வெளிநாட்டில் ஊரை நினைத்துக்கொண்டே இருந்தேன், அந்த நினைப்பில் அந்தப் பத்தொன்பது வீடு ஒருநாளும் வந்ததில்லை.

செப்டம்பர் 24

மறுநாளே நாலு பெண்கள் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். தண்ணீர் கேட்பார்கள் என்று நான் நினைத்தேன். இப்போது அங்கே குழாய் வந்திருக்கிறது. வீடு கேட்பார்கள் என்று நினைத்தோம், அதற்கு அரசுத் திட்டத்தில் பெயர் இருக்கிறதாம். அவர்கள் கேட்டது ஆட்டோக் காசு. மாசமாக இருக்கும் பெண்ணைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போக, சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போக, போக வர 450 ரூபாய். போகிறவருக்கும் கூடப் போகிறவருக்கும் அன்றைய கூலியும் போய்விடும். அதனால் போகாமல் விட்டுவிடுகிறார்கள். வைத்தியமும் இலவசம், சான்றிதழும் இலவசம், வாங்கப் போகிற வழிக்குத்தான் காசு இல்லை.

நவம்பர் 17

ஹூஸ்டனில் இருக்கும் ஒருவர் மெக்ஸிகோ கதையை எழுதியிருக்கிறார், எல்லோரும் படியுங்கள். அமெரிக்காவில் வேலை செய்யும் மெக்ஸிகோ ஆட்கள் ஊர்ச் சங்கம் வைத்து ஒரு டாலர் அனுப்பினால், மத்திய அரசும் மாநிலமும் நகராட்சியும் ஆளுக்கு ஒரு டாலர் போட்டு வந்தன. சகாடெகாஸ் மாநிலத்தில் தொடங்கியது, 2002-ல் நாடு முழுக்கப் போனது. சாலை, குடிநீர், மின்சாரம் நிறைய வந்தது. தமிழ்நாட்டின் நமக்கு நாமே திட்டமும் ஏறக்குறைய இந்த வழிதான், ஊரார் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதி அரசு.

அவர் எழுதியதில் என்னைப் பிடித்து நிறுத்தியது கடைசிப் பத்தி. அந்தப் பணம் மிக ஏழையான ஊர்களுக்குப் போகவில்லை. வெளியே ஆள் போன, சங்கம் வைக்கத் தெரிந்த ஊர்களுக்குப் போனது. தம்பியின் அம்மா திண்ணையில் கேட்டதும் இதுதான்.

நவம்பர் 18

"அப்போ சொந்த ஊருக்குச் செய்வது தப்பா?" என்று கோபமாக ஒருவர். இல்லை ஐயா. ஊருக்குச் செய்யுங்கள். ஊர் என்றால் எதுவரை என்று மட்டும் ஒருமுறை நடந்து பாருங்கள்.

2025 ஜனவரி 12

கணக்கு. ஐந்து லட்சத்தை ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டாயிற்று. வட்டி மாதம் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அதோடு ஒவ்வொரு வீடும் மாதம் 300 ரூபாய் சங்கத்துக்குக் கட்டுகிறது. அங்கே உங்களுக்கு அது 13 திர்ஹாம், இங்கே 38 வீடு சேர்ந்தால் 11,400. ஆட்டோக்காரர் ரெண்டு பேரிடம் பேசி நோட்டு வைத்திருக்கிறோம். போன தேதி, எங்கே, எவ்வளவு, கூடப் போனவர் கையெழுத்து. யார் எதற்குப் போனார் என்ற விவரம் எழுதுவதில்லை. அது கூடாது என்று பெண்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். போட்டோவும் இல்லை. ஷார்ஜாவில் சிலருக்கு இதில் வருத்தம். என் பிரசவத்துக்கு யாராவது காசு கொடுத்துவிட்டு போட்டோ எடுத்திருந்தால் நான் எப்படி இருந்திருப்பேன் என்று தம்பியின் மனைவி குழுவில் கேட்டார், அதோடு பேச்சு முடிந்தது.

கூலிக்கு என்ன செய்வது என்பதில் சண்டை. கூடப் போகும் பெண்ணுக்கு நாள்கூலி கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. கொடுத்தால் பழகிவிடும் என்கிறார் ஒருவர். பழகட்டுமே.

மார்ச் 9

நாள்கூலி கொடுக்க முடிவாயிற்று. காலனியிலிருந்து ரெண்டு பெண்கள் சொசைட்டியில் உறுப்பினராகச் சேர்ந்தார்கள். சந்தாவை அவர்களுக்கு வேண்டாம் என்றோம். ஒருவர் பத்து ரூபாயை எண்ணி வைத்துவிட்டு ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

வந்த முதல் கூட்டத்திலேயே ஆட்டோ ரூட்டை மாற்றச் சொன்னார்கள். காலையில் முதல் ஆட்டோ எட்டரைக்கு வந்தால் ஆஸ்பத்திரி டோக்கன் முடிந்துவிடுகிறதாம். இப்போது ஏழே கால். மூன்று மாதமாக நாங்கள் அதைக் கேட்கவே இல்லை.

பழைய ஆர்ஓ ஷெட்டைப் பற்றிக் கேட்டவருக்கு: நிலக்காரர் மகன் எழுதிக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். கிராமசபையில் வைத்து ரிஜிஸ்டரில் ஏற்றினால் மாலையில் பிள்ளைகள் படிக்க இடமாகும். மறுபடி ஆர்ஓ வைக்கலாமா என்றால், என் அபிப்பிராயம் வேண்டாம். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஒரு குடத்துக்கும் மேல் கழிவு போகும், ஃப்ளோரைடு எல்லாம் அதில்தான் சேரும். அன்றைக்கு அதைப் பின்பக்க வாய்க்காலில் விட்டோம். அது எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. திருச்சூர் ஜில்லாவில் 2008-லிருந்து கூரை மழையைக் குழாய் வைத்துக் கிணற்றில் விடும் மழப்பொலிமா என்ற திட்டம் நடக்கிறது, நம்ம பழைய கிணறுகளில் நாலைந்தில் அதைச் செய்து பார்க்கலாம். ஜூனுக்கு முன்னால் பைப் போட வேண்டும்.

மே 18

ஷெட் ரிஜிஸ்டரில் ஏறிவிட்டது. நம்பர் போட்ட பக்கத்தை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். 2011 கூட்டத்தில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் போன் பண்ணுங்கள், அனுப்புகிறேன்.

மட்டையெல்லாம் எடுத்துச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஜூன் 2 பள்ளி திறப்பு. பத்தாவது கணக்கு நோட்ஸ் தமிழில் தயார், 140 பக்கம், காலனிப் பிள்ளைகள் ஏழு பேருக்கும் சேர்த்து 60 பிரதி வேண்டும். கோயம்புத்தூரில் பக்கத்துக்கு ஒரு ரூபாய் சொல்கிறார்கள். பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் குறைவாக எடுத்துக் கொடுக்கும் கடை தெரிந்தால் வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள்.